எப்பங்க திரும்பிப் போறீங்க?

வைகாசி முகூர்த்த நாளில் கோவையைச் சுற்றியுள்ள எந்தக் கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்தாலும், வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு குடும்பமாவது கண்ணில் படும். பந்திக்குக் காத்திருக்கும்போது அவர்களிடம் இரண்டு கேள்விகள் கேட்கப்படும். “எப்பங்க வந்தீங்க?” என்பது ஒன்று. அதற்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும்: “எப்பங்க திரும்பிப் போறீங்க?” விடுமுறைக்கு வந்தவருக்கு இது சாதாரணக் குசல விசாரிப்பு. வேலையை விட்டு, வீட்டைக் காலிசெய்து, சாமான்களைக் கப்பலில் ஏற்றிவிட்டு வந்திருப்பவரின் காதில் இது வேறு மாதிரி விழும். “இல்லீங்க, வந்தாச்சுங்க. இனி இங்கதான்” என்று அவர் சொன்னதும் எதிரே நிற்பவரின் முகத்தில் ஒரு கணக்கு ஓடும். “ஏனுங்க, வேலை போயிருச்சுங்களா?” என்று நேராகக் கேட்டுவிடுகிறவர் உத்தமர். கேட்காதவர், பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் கேட்டுக்கொள்வார்.

அயல்நாட்டில் இருப்பவரின் ஊர் ஏக்கத்தைப் பற்றி நாம் நிறைய எழுதிவிட்டோம். படம் எடுத்தோம், பாட்டும் கட்டினோம். அந்த ஏக்கம் முற்றி ஒருவர் உண்மையிலேயே பெட்டியோடு வாசலில் வந்து நின்றால், அவரை என்ன செய்வதென்றுதான் நமக்குத் தெரியவில்லை. போகிறவருக்கு விருந்து உண்டு, ஃபிளெக்ஸ் தட்டி உண்டு, குலதெய்வத்துக்குப் பொங்கல் உண்டு. வருகிறவருக்கு விசாரணைதான். கொங்கு வட்டாரத்தில் திரும்பி வருவது ஒன்று தோல்வியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தியாகமாக இருக்க வேண்டும். ‘அங்கே இருந்தது போதும் என்று தோன்றியது, வந்துவிட்டேன்’ என்று ஒருவர் சாதாரணமாகச் சொல்ல இங்கே இடமில்லை. அந்த இடம் வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம்.

ஏக்கம் பொய்யில்லை. டல்லாஸிலோ மெல்பர்னிலோ ஒரு கொங்கு வீட்டுக் குக்கரில் அரிசிம்பருப்பு வெந்து இறங்கினால், பேச்சு தானாக ஊருக்குத்தான் போகும். பங்குனியில் ‘நம்மூர் மாரியாத்தாளுக்குப் பூச்சாட்டியாச்சு’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தால் அந்த வாரம் முழுக்க வேலை ஓடாது. கம்பம் நட்டு, அதைச் சுற்றி இளவட்டங்கள் ராத்திரி முழுக்க ஆடுவதை யாரோ ஒரு பங்காளி கைபேசியில் நேரலையாகக் காட்டிக்கொண்டிருப்பார். அங்கே அது காலை அலுவலகக் கூட்டத்தின் நேரம். கேமராவை அணைத்துவிட்டு, ஒரு காதில் மேலாளரையும் இன்னொரு காதில் பறையையும் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர். சிறுவாணித் தண்ணீரின் ருசி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வந்து கதவைச் சாத்தும் காற்று, பொள்ளாச்சிச் சாலையின் புளியமரங்கள் என்று ஒவ்வொருவருக்கும் ஒன்று இருக்கும். (அந்தப் புளியமரங்கள் பெரும்பாலும் சாலை அகலத்துக்குப் போய்விட்டன. அதை அவர்களிடம் சொல்ல மனசு வராது.)

ஆனாலும், ஏக்கம் மட்டும் யாரையும் விமானம் ஏற்றிவிடுவதில்லை. முடிவெடுக்க வைப்பது பெரும்பாலும் ஒரு தொலைபேசி அழைப்பு. “அப்பாவுக்குக் கொஞ்சம் மேலுக்குச் சரியில்லை, நீ ஒண்ணும் வெசனப்படாதே” என்று அம்மா சொல்வார். அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அழைத்துவந்த பிறகுதான் அந்த அழைப்பே வந்திருக்கும். மறைப்பதில் நம் பக்கத்துப் பெற்றோருக்கு ஒரு தனித் திறமை உண்டு. பிள்ளை அங்கே பரிதவிப்பான் என்ற அக்கறை பாதி. ‘பையனை வரவழைக்க வேண்டியதாயிருச்சு’ என்று ஒறம்பரை பேசிவிடக் கூடாது என்ற வைராக்கியம் மீதி. வடவள்ளி, துடியலூர், பேரூர்ப் பக்கங்களில் மூத்தோர் குடியிருப்புகள் பெருகிவிட்டன. மாலை நடையில் அங்கே காதில் விழுவது பேரன் பேத்திகளின் ஊர் நேரம்: “இப்ப அங்க விடிஞ்சிருக்கும்”, “இன்னும் ஸ்கூல் விட்டிருக்காது.” சுத்தமான இடம், நல்ல சாப்பாடு, கூப்பிட்ட குரலுக்குச் செவிலியர். குறை சொல்ல ஏதுமில்லை. இருந்தும், மகன் வந்துவிட்டான் என்று ஒரு வீட்டில் தெரிந்தால் அங்கே இருக்கும் மற்றவர்கள் அந்த வீட்டை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். அதில் பாதிதான் பரிதாபம்.

கோவை இந்த விஷயத்தில் கொஞ்சம் விசித்திரமான ஊர். இராமநாதபுரம், தஞ்சை போலத் தலைமுறை தலைமுறையாகக் கடல் கடந்து பழகிய வட்டாரம் இல்லை இது. ஆட்களை அனுப்பியதைவிட இழுத்துக்கொண்டதே அதிகம். நூற்பாலை, வார்ப்படப் பட்டறை, பம்புசெட் என்று தொழில் பெருகப் பெருக, கேரளத்திலிருந்தும் தென்மாவட்டங்களிலிருந்தும் வந்து சேர்ந்தவர்களால் வளர்ந்த நகரம். சூலூருக்குப் பக்கத்தில் கலங்கலில் பிறந்த கண்டுபிடிப்பாளர் ஜி.டி. நாயுடு ஐரோப்பா, அமெரிக்கா என்று பல முறை சுற்றினார். ஒவ்வொரு முறையும் இயந்திரமும் யோசனையுமாகத் திரும்பி வந்தார். போவதென்றால் பார்த்து, கற்று, கொண்டுவருவதற்கு என்பது அந்தத் தலைமுறையின் எண்ணம்.

போய்விடுவதற்கான வழியைத் திறந்தவை அதே தலைமுறை கட்டிய கல்லூரிகள்தான். நாயுடுவின் முன்முயற்சியில் 1945-இல் சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரில் தொடங்கிய தொழில்நுட்பக் கல்லூரி இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி. 1951-இல் பி.எஸ்.ஜி., 1956-இல் சி.ஐ.டி., 1966-இல் கோவை மருத்துவக் கல்லூரி. அமெரிக்கா 1965-இல் தன் குடியேற்றச் சட்டத்தைத் திருத்தி, படித்த ஆசியர்களுக்குக் கதவைத் திறந்தது. கோவையில் பட்டம் வாங்கிய மருத்துவரும் பொறியாளரும் அந்தக் கதவுக்குள் போனார்கள். தொண்ணூறுகளின் கடைசியில், 2000 பிறந்தால் கணினிகள் குழம்பிவிடும் என்று உலகம் பயந்தபோது, ஈரோடு, நாமக்கல் பக்கத்துத் தறிக்காரர், லாரிக்காரர் வீட்டுப் பிள்ளைகளும் போனார்கள். வீட்டுக்கு ஒருவர் என்பது எண்ணிக்கையில் மிகையாக இருக்கலாம். கல்யாணப் பேச்சில் மிகையில்லை. ‘ஃபாரின் மாப்பிள்ளை’ என்ற தகுதி அப்போது வந்ததுதான். திரும்பி வந்தால் அந்தத் தகுதி போய்விடுகிறது. பெண் வீட்டார் வெளிப்படையாகவே பின்வாங்குகிறார்கள்.

திரும்பி வந்தவர்களால் ஊருக்கு என்ன லாபம் என்று கேட்டால், காட்டுவதற்கு நிறைய இருக்கிறது. அமெரிக்காவில் மருத்துவராக இருந்துவிட்டு வந்த நல்லா ஜி. பழனிசாமி, அவினாசி சாலையில் 1990-இல் தொடங்கிய கோவை மருத்துவ மையம் இன்று ஊரின் அடையாளங்களில் ஒன்று. லண்டனில் கோவைக்காரர் ஒருவர் தொடங்கிய மென்பொருள் நிறுவனம் ஊர்ப் பெயரையே தாங்கி, கோவையிலும் அலுவலகம் போட்டுப் பல பேருக்கு வேலை தருகிறது. கொங்குக்கு வெளியே பார்த்தால் ஜோஹோ மென்பொருள் நிறுவனத்தின் ஸ்ரீதர் வேம்பு. கலிஃபோர்னியாவை விட்டு 2019-இல் தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறைக்கு வந்து உட்கார்ந்தவர்.

இந்தக் கதைகள் மேடைக்கு நன்றாக இருக்கின்றன. எனக்கு இவற்றில் ஒரு சங்கடம் உண்டு. திரும்பி வருகிறவர் ஆஸ்பத்திரி கட்ட வேண்டும், கம்பெனி நடத்த வேண்டும், நூறு பேருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். அப்போதுதான் அவர் வந்தது நியாயம் என்று ஆகிவிடுகிறது. வந்தவர்களில் பெரும்பாலானவர்கள் அப்படி இல்லை. சியாட்டிலில் மென்பொருள் சோதனை செய்துகொண்டிருந்தவர் சரவணம்பட்டியில் அதே வேலையைக் குறைந்த சம்பளத்துக்குச் செய்கிறார். துபாயில் கணக்கு எழுதியவர் அப்பாவின் தேங்காய் மண்டியில் கணக்கு எழுதுகிறார். இவர்கள் யாருக்கும் விளக்கம் சொல்லக் கடமைப்பட்டவர்கள் இல்லை. வேம்பு தன் நிறுவனத்தை உருவாக்கி முடித்துவிட்டு, அதைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். வெறும் கையோடு வருகிறவருக்கு அவரை உதாரணம் காட்டுவது, உதவியைவிட வசவுக்குத்தான் பக்கம்.

இன்னொன்றும் இருக்கிறது. அமெரிக்காவில் இருக்கிறவரின் முடிவு முழுக்க அவர் கையில் இல்லை. வேலை அடிப்படையில் அந்த நாடு ஆண்டுக்கு வழங்கும் நிரந்தர வசிப்புரிமை சுமார் 1,40,000. அதில் எந்த ஒரு நாட்டவருக்கும் 7 சதவீதத்துக்கு மேல் இல்லை. 140 கோடிப் பேர் வாழும் இந்தியாவுக்கும் அதுதான், ஐஸ்லாந்துக்கும் அதுதான். இதனால் வரிசை பல பத்தாண்டுகளுக்கு நீண்டுகிடக்கிறது. அங்கே வளர்ந்த பிள்ளைக்கு 21 வயது ஆகிவிட்டால் பெற்றோரின் விசா நிழலில் அது இருக்க முடியாது. எச்-1பி விசாவில் வேலை போனால் வேறு வேலை தேட 60 நாள் அவகாசம். 2025 செப்டம்பரில், புதிய எச்-1பி மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்ற அறிவிப்பு ஒரு வெள்ளிக்கிழமை வந்தபோது, ஊருக்கு வந்திருந்தவர்கள் சாப்பிட்ட கையோடு விமான நிலையத்துக்கு ஓடினார்கள். பழைய விசாவுக்கு அது பொருந்தாது என்ற விளக்கம் பிறகுதான் வந்தது. இருபது வருடம் வரி கட்டிய நாட்டில் இருபத்துநாலு மணி நேரத்தில் கதவு சாத்தப்பட்டுவிடுமோ என்று அஞ்சி ஓடுகிற ஒருவரிடம், ‘அங்கே உனக்கு என்ன குறைச்சல்?’ என்று கேட்பது அறியாமை.

இந்தப் பேச்சில் நாம் சௌகரியமாக மறந்துவிடும் ஒரு கூட்டம் இதே மாவட்டத்தில், வால்பாறை மலையில் இருக்கிறது. பஞ்சம் பிழைக்க 19-ஆம் நூற்றாண்டில் இலங்கை மலையகத்துக்குப் போன தமிழர்களின் வழிவந்தவர்கள். 1964 அக்டோபர் 30-ஆம் தேதி லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் கையெழுத்திட்ட ஒப்பந்தப்படி, 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும், 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்ள வேண்டும். மீதி 1,50,000 பேரை 1974-இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். பங்காளிகள் மாடு பிரிப்பது போல. தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கியவர்களுக்கு அரசு கொடுத்த பெயர் ‘தாயகம் திரும்பியோர்’. திரும்பியவர்களில் மிகப் பலர் அந்தத் தாயகத்தை அதற்கு முன் பார்த்ததே இல்லை. அவர்கள் ஏங்கியது கண்டிக்கும் நுவரெலியாவுக்கும்.

அவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகத்தான் தமிழக வனத்துறை 1968-இல் தேயிலை நடத் தொடங்கியது. 1976-இல் அது ‘டான்டீ’ என்ற அரசுக் கழகமாயிற்று. கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூர், வால்பாறை என்று தோட்டங்கள் விரிந்தன. தெரிந்த தொழில், ஏறக்குறைய அதே குளிர், அதே சரிவு. அந்த அளவில் அரசு யோசித்தது நல்ல யோசனைதான். எல்லோருக்கும் அது கிடைக்கவில்லை. கொடைக்கானல் மலையில் மரம் வெட்டப் போய்க் கொத்தடிமையாகச் சிக்கியவர்கள் இருந்தார்கள். வணிகக் கடன் என்று சில ஆயிரங்களைக் கொடுத்துச் சமவெளியில் விடப்பட்டவர்களில், வணிகம் என்றால் என்னவென்றே தெரியாமல் அதைச் சாப்பிட்டே தீர்த்தவர்கள் இருந்தார்கள். இரண்டு, மூன்று தலைமுறை கடந்தும் பக்கத்து ஊர்க்காரர்கள் வாயில் அவர்கள் ‘சிலோன்காரங்க’. இப்போது டான்டீ நட்டத்தில் தள்ளாடுகிறது. நிலத்தின் ஒரு பகுதியை வனத்துறைக்கே திருப்பிக் கொடுக்கும் ஏற்பாடு நடக்கிறது. ஓய்வு பெற்ற தொழிலாளியிடம் லயத்து வீட்டைக் காலிசெய்யச் சொன்னால் அவர் எங்கே போவார்? நீலகிரியிலும் வால்பாறையிலும் இந்தக் கேள்வி இன்றைக்கும் போராட்டமாக நிற்கிறது. திரும்பி வருகிறவரை வாங்கிக்கொள்வது எப்படி என்பதில் நமக்கு அறுபது வருட அனுபவம் இருக்கிறது. அதிலிருந்து என்ன கற்றோம் என்பது வேறு விஷயம்.

ஊர் எல்லோரையும் ஒரே குரலில் கூப்பிடுவதும் இல்லை. “என்ன கூட்டமுங்க?” என்று ஒரு பெரியவர் கேட்டால், கொங்கு வேளாளர் வீட்டுப் பிள்ளைக்கு அது குலத்தைக் கேட்டு உறவைத் தேடும் விசாரிப்பு, அடுத்த நிமிடம் மாமனோ பங்காளியோ ஆகிவிடலாம். அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத வீட்டில் பிறந்தவருக்கு அது வேலி. சிங்கப்பூரில் அல்லது டொரன்டோவில் பத்து வருடம் யாரும் தெருப் பெயரைக் கேட்காமல் வாழ்ந்த ஒரு அருந்ததியர் இளைஞரிடம் போய், ‘ஊர் மாதிரி வருமா?’ என்று உருகினால் அவர் சிரிப்பார். 2016 மார்ச் 13-ஆம் தேதி, உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், பட்டப்பகலில் சங்கர் என்ற இளைஞர் வெட்டிக் கொல்லப்பட்டார். சாதி மாறிக் கல்யாணம் செய்தது அவர் செய்த குற்றம். அதைப் பார்த்த பிறகு, கடல் கடந்து நிம்மதியாக இருக்கும் கலப்பு மணத் தம்பதியரிடம் ஊர்ப்பாசம் பேசுவதற்கு நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று தெரியவில்லை.

பெண்களின் கணக்கும் தனி. ஊர் ஏக்கத்தைப் பற்றி அதிகம் பேசுவது ஆண்கள். திரும்ப வேண்டும் என்று கணவன் சொல்லும்போது, மனைவி சட்டென்று பதில் சொல்லாமல் இருப்பதற்குக் காரணம் உண்டு. அவன் திரும்புவது அம்மாவின் வீட்டுக்கு. அவள் திரும்புவது மாமியாரின் வீட்டுக்கு. வெளிநாட்டில் அவள் வண்டி ஓட்டினாள், வங்கிக் கணக்கைப் பார்த்தாள், ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வரை தூங்கினாள். ஆசாரத்தில் உட்கார்ந்திருக்கும் ஒறம்பரைக்குக் காலை ஐந்து முறை காபி கலக்கும் வாழ்க்கைக்கு அவள் ஏங்கவில்லை என்றால் அவளைக் கல்நெஞ்சக்காரி என்று சொல்லிவிடுகிறோம். திரும்பிவந்து இரண்டே வருடத்தில் மறுபடி விமானம் ஏறிய குடும்பங்களைக் கொஞ்சம் விசாரித்துப் பாருங்கள். பல வீடுகளில் அவளுடைய வேலையைப் பற்றி யாரும் யோசிக்கவே இல்லை என்பது தெரியவரும்.

சொத்து என்று வந்தால் கதை இன்னும் சூடாகும். மகள்களுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் போட்டுவிட்டது. நாடு முழுமைக்கும் அது வர 2005 ஆயிற்று. ஆனாலும், அமெரிக்கத் தங்கச்சி வந்து கேட்கவா போகிறாள் என்ற தைரியத்தில் விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கியவர்கள் ஏராளம். அவள் குடும்பத்தோடு வந்து இறங்கியதும், ‘எப்போது போகிறாய்?’ என்ற கேள்விக்குள் நிலத்தின் சென்ட் விலையும் ஒளிந்துகொள்கிறது. கோவைக்குப் பக்கத்து நிலத்தின் இன்றைய விலையை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வெளிநாட்டுக் கொங்குக்காரரின் கனவில் பெரும்பாலும் ஒரு தோட்டம் இருக்கும். நாலு ஏக்கர், கிணறு, தென்னை, இரண்டு நாட்டு மாடு. இயற்கை விவசாயம் பற்றி நம்மாழ்வார் பேசக் கேட்டு, கரூர்ப் பக்கம் கடவூரில் அவர் அமைத்த வானகத்தில் பயிற்சி எடுத்து, கணினியை மூடிவிட்டு வந்தவர்கள் உண்மையிலேயே இருக்கிறார்கள். சிலர் நிலைத்தும் இருக்கிறார்கள். ஆனால், ஆனைமலை, பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னையை 2016 முதல் சுருள் வெள்ளை ஈ தின்றுகொண்டிருக்கிறது. அது போதாதென்று கேரள வாடல் நோயில் தோப்புத் தோப்பாக மரம் வெட்டுகிறார்கள். தொண்டாமுத்தூர்ப் பக்கம் போனால் யானை, காட்டுப்பன்றி, மயில். ஆயிரம் அடிக்கும் கீழே துளை போட்டும் புகைந்த நிலம் அவினாசி, அன்னூர் வட்டாரத்தில் எத்தனையோ. அறுபது வருடம் கேட்டு வாங்கிய அத்திக்கடவு–அவினாசித் திட்டம் 2024 ஆகஸ்ட் 17-இல் தொடங்கி, 1,045 குளம் குட்டைகளுக்குப் பவானியின் உபரி நீரைக் கொண்டுபோகிறது. அந்தப் பக்கத்து விவசாயிக்கு இதனால் கொஞ்சம் தெம்பு வந்திருக்கிறது. இன்னொரு சங்கதி பலருக்கு வந்த பிறகுதான் தெரிகிறது: வெளிநாட்டில் வசிக்கும்வரை, இந்தியக் கடவுச்சீட்டே வைத்திருந்தாலும், விவசாய நிலத்தை விலைக்கு வாங்க அந்நியச் செலாவணிச் சட்டம் விடாது. பூர்வீகமாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். அங்கிருந்துகொண்டே தரகரிடம் முன்பணம் கொடுத்து ஏமாந்தவர்கள் வெளியே சொல்வதில்லை.

நகரத்தைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். அவினாசி சாலையில் கோல்டுவின்ஸிலிருந்து உப்பிலிபாளையம் வரை 10.1 கிலோமீட்டருக்கு ஜி.டி. நாயுடு பெயரில் மேம்பாலம் வந்துவிட்டது. 2025 அக்டோபரில் திறந்தார்கள். சரவணம்பட்டியிலும் கீரணத்தத்திலும் பன்னாட்டு நிறுவனங்களின் தொழில்நுட்ப மையங்கள் வரிசையாக நிற்கின்றன. இருபது வருடத்துக்கு முன்னால் வேலைக்காகப் பெங்களூரு போக வேண்டியிருந்தவருக்கு இன்று ஊரிலேயே வேலை இருக்கிறது. திரும்பி வருவதைச் சாத்தியமாக்கிய பெரிய மாற்றம் இதுதான். பாசமெல்லாம் இதற்குப் பிறகு. ஆனால், நொய்யல் ஆற்றின் அழுக்கு அப்படியேதான் இருக்கிறது. திருப்பூருக்குப் போய் அப்பாவின் பின்னலாடைக் கம்பெனியைப் பார்த்துக்கொள்ளலாம் என்று வந்தவர்களை, 2025 ஆகஸ்டில் அமெரிக்கா விதித்த 50 சதவீத வரி வந்து பார்த்துக்கொண்டது. அந்த நாட்டை விட்டு வந்துவிட்டோம் என்று அவ்வளவு சீக்கிரம் நினைத்துவிட முடியாது.

அதே திருப்பூரில், அதே கம்பெனியில், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து தைப்பவர்களுக்கும் ஊர் உண்டு. 2020 ஊரடங்கில் அவர்கள் எப்படிப் போனார்கள் என்று பார்த்தோம். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் வடமாநிலத்தவரைத் தாக்குகிறார்கள் என்று ஒரு பொய்க் காணொளி பரவியதும் ரயில் நிலையங்கள் நிரம்பின. பீகார் அரசு இங்கே குழு அனுப்பி விசாரிக்க வேண்டியதாயிற்று. ஹோலிக்குப் போனவர் ஒரு மாதம் கழித்து வந்தால், ‘இவனுகளை நம்பித் தொழில் பண்ண முடியாதுங்க’ என்று அலுத்துக்கொள்கிற முதலாளியின் மகனே, டல்லாஸில் மாரியம்மன் நோம்பிக்கு விடுப்பு கிடைக்காமல் குமைந்துகொண்டிருப்பான். இரண்டும் ஒரே வெசனம் என்று அந்த வீட்டில் யாருக்கும் தோன்றுவதில்லை.

அரசு என்ன செய்ய வேண்டும்? ஜனவரி 12 அயலகத் தமிழர் நாள்; 2022 முதல் கொண்டாடுகிறோம். நல வாரியம் இருக்கிறது. அயலகத் தமிழர் வீட்டு இளைஞர்களை அழைத்துவந்து ஊரைக் காட்டும் ‘வேர்களைத் தேடி’ திட்டம் 2023 முதல் நடக்கிறது. நல்லவைதான். எல்லாமே பெரும்பாலும் அங்கே இருக்கிறவர்களுக்கு, அல்லது வந்து பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கு. வந்து தங்கிவிடுகிறவர், வந்த அன்றைக்கே அயலகத் தமிழர் என்ற பட்டியலிலிருந்து நழுவிவிடுகிறார். கேரளம் 1996-லேயே நோர்க்கா என்று தனித் துறை வைத்து, திரும்பியவர்கள் தொழில் தொடங்க மானியத்தோடு கடனும், ‘பிரவாசிகள்’ எனப்படும் வெளிநாடுவாழ் கேரளத்தவருக்கு ஓய்வூதியமும் என்று யோசித்தது. அங்கே வளைகுடாவிலிருந்து திரும்புகிறவரின் எண்ணிக்கை அதிகம், அழுத்தமும் அதிகம். ஒப்பிடும்போது அதையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஆனாலும் தமிழ்நாட்டிலிருந்து போனவர்களும் குறைவில்லை. திருவனந்தபுரம் வளர்ச்சி ஆய்வு மையம் நடத்திய 2015-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு ஏறத்தாழ 22 லட்சம் என்றது.

மானியம்கூட முதல் தேவை இல்லை. பள்ளிதான். பத்தாம் வகுப்பு வரை தமிழைக் கட்டாயமாக்கும் 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஆனால், பன்னிரண்டு வயதில் வந்திறங்கி, அப்புச்சியிடம் தமிழில் பேசத் தெரிந்தும் எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளையை ஏழாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்தின் முன்னால் உட்கார வைத்தால், அது தமிழையே வெறுக்கும். அயலகப் பிள்ளைகளுக்காகவே படிப்படியான பாடங்களைத் தமிழ் இணையக் கல்விக்கழகம் வைத்திருக்கிறது. மெல்பர்ன் பிள்ளைக்குக் கிடைக்கும் அந்தப் பாடம், மெல்பர்னிலிருந்து பீளமேட்டுக்கு வந்த பிள்ளைக்கும் பள்ளியிலேயே கிடைக்கும்படி ஓர் இணைப்பு வகுப்பை ஏற்பாடு செய்ய ஓர் அரசாணை போதும். பள்ளிகளும் கொஞ்சம் மனது வைக்க வேண்டும். ‘அமெரிக்கா பாப்பா’ என்று ஆண்டு விழா மேடையில் ஏற்றி ஆங்கிலத்தில் பேசவைப்பது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் உதவி இல்லை.

வரலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்கு, வந்து நிலைத்தவர்களும் நிலைக்காதவர்களும் சொல்வதைக் கேட்டதில் சில விஷயங்கள் தெளிவாக இருக்கின்றன. அப்பா படுத்த பிறகு வருவதைவிட, அவர் தோட்டத்தில் நடமாடும்போதே வருவது நல்லது. வீட்டில் யார் எந்தச் செலவைப் பார்ப்பது என்ற பேச்சை அப்போதுதான் சண்டையில்லாமல் பேச முடியும். பிள்ளை ஆறாம் வகுப்புக்குப் போகும் முன் வந்தால் மொழி எளிதில் ஒட்டும். முதலில் மனைவிக்கு வேலை உறுதியாகட்டும். பெற்றோர் வீட்டுக்குப் பக்கத்தில், ஆனால் அதே வீட்டில் இல்லாமல், ஒரு வருடம் வாடகைக்கு இருந்து பாருங்கள். ஊர் ஏதாவது பேசும், ஒரு மாரியம்மன் நோம்பி முடிவதற்குள் அடுத்த விஷயத்துக்குப் போய்விடும். நீண்ட காலம் வெளியே இருந்து திரும்பியவருக்கு முதல் இரண்டு, மூன்று ஆண்டுகள் வெளிநாட்டு வருமானத்துக்குப் பொதுவாக இங்கே வரி இல்லை. ஆகவே அங்குள்ள சேமிப்பை அவசரமாக உடைத்துக்கொண்டு வர வேண்டியதில்லை. அந்த அவகாசத்தில், தோட்டத்தில் இன்னொரு போர் போடுவதா, அல்லது அப்பா முப்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருப்பது போல இருக்கிற கிணற்றைத் தூர் வாருவதா என்று நிதானமாக முடிவு செய்துகொள்ளலாம்.